சொம்புக்கு மதிப்பெண் இல்லை

திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி, "பூர்வீகம் எந்த ஊருங்க?" என்பது. கேட்டவர் டாக்ஸி ஓட்டுநர். ஈப்போவிலிருந்து ஒரு தமிழச்சி தனியாக வந்து இறங்கினால், கொள்ளுத்தாத்தா பிறந்த வீட்டைத் தேடிக் கண்ணீர் விட வந்திருக்கிறாள் என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். "இல்லைங்க, ஃபைல் படிக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.

உண்மையில் அதற்குத்தான் வந்தேன். நான் மலேசியாவில் மூட்டு வாத நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவள். என்னோடு சென்னையில் படித்த வசந்தா, தஞ்சாவூரில் அதே வேலையைச் செய்கிறாள். எங்கள் இருவரையும் ஆட்டிவைப்பது லூபஸ் என்ற நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்போடு சண்டைக்கு நிற்கும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். ஒருத்திக்கு மூட்டில், ஒருத்திக்குத் தோலில், ஒருத்திக்கு சத்தமே இல்லாமல் சிறுநீரகத்தில். இன்னாருக்கு இருக்கிறது என்று வகைப்படுத்த, காலப்போக்கில் மூன்று பட்டியல்கள் வந்திருக்கின்றன. எந்தப் பட்டியல் நோயாளியைச் சீக்கிரம் அடையாளம் காட்டுகிறது என்று தன்னுடைய பழைய ஃபைல்களை வைத்துப் பார்க்க வசந்தா ஆசைப்பட்டாள்.

"நீயே பாரேன், நான் எதுக்கு?" என்று போனில் கேட்டிருந்தேன்.

"எனக்கு ஃபைலைத் தொறந்தா மொகம் ஞாபகம் வருதுடி. மார்க்கு தாராளமாப் போட்டுடுவேன். ரெண்டாவது ஆளு கல்நெஞ்சக்காரியா இருக்கணும். உன்னை விட்டா யாரு இருக்கா?"

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, புரட்டாசி மாதம். வசந்தா வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. எங்கள் ஊரிலும் புரட்டாசி பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் தெருமுனையில் சீனர் கடைக் கோழிச் சோறு எந்த மாதமும் நமக்காகக் காத்திருக்கும். இங்கே முதல் நாள் வாழைக்காய், இரண்டாம் நாள் சேனைக்கிழங்கு. மூன்றாம் நாள் சேனைக்கிழங்கை வாழைக்காய் போலவே நறுக்கி வறுத்து என்னை ஏமாற்றப் பார்த்தாள். ஆனால் சாம்பாரைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாடி அறைக்கு ஏறிவிடுவேன். அங்கே ஒரு பீரோ நிறைய ஃபைல்கள்.

வேலை இதுதான். முதல் பட்டியலில் பதினொரு அறிகுறிகள், நான்கு இருந்தால் லூபஸ். இரண்டாவது அதைவிட நீளமானது, முடி கொட்டுவதையும் சேர்த்துக்கொண்டது, அதிலும் நான்கு வேண்டும். மூன்றாவது புதியது. அதில் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை வாசற்கதவு போல நிற்கும். அதைத் தாண்டினால் மதிப்பெண் முறை. மூட்டு வீக்கத்துக்கு ஆறு, காய்ச்சலுக்கு இரண்டு, முடி கொட்டுவதற்கு இரண்டு என்று போய், பத்து வந்தால் தேறியது. நானும் வசந்தாவும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். கடைசி நாள் வரை ஒருத்தி தாளை மற்றவள் பார்க்கக் கூடாது, ஃபைல்களைப் பற்றிப் பேசவும் கூடாது.

இரண்டாம் நாள் மாலைக்குள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 'தலைமுடி' என்ற கட்டத்தில் சில ஃபைல்களில் ஒரே சொல்: மொட்டை. ஐந்து ஃபைல்களில் அப்படி இருந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் கோயிலுக்கு வேண்டிக்கொள்வது, மொட்டை போட்டுக்கொள்வது எங்கள் ஊரிலும் நடப்பதுதான். முடியே இல்லாத தலையில் முடி கொட்டியதா என்று யாரால் சொல்ல முடியும்? தெரியாதது இல்லாததற்குச் சமம் என்பது விதி. ஐந்திலும் பூஜ்யம் போட்டேன். கல்நெஞ்சக்காரி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டாமா!

அந்த ஐந்தில் நான்கு பேர் வேறு அறிகுறிகளாலேயே தேறிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாள். தேன்மொழி, வயது இருபத்திரண்டு, குடவாசல் பக்கம். வாசற்கதவைத் தாண்டியிருக்கிறாள். மூட்டு வீக்கம் ஆறு, காய்ச்சல் இரண்டு, ஆக எட்டு. மற்ற இரண்டு பட்டியல்களிலும் எண்ணிக்கை எட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய ஃபைல், ஒரே ஒரு வருகை. அதற்குப் பின் காகிதம் இல்லை. மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. "போய் ஊரைப் பாரு, மூஞ்சி ஃபைல் கலர்ல ஆயிட்டு வருது" என்று வசந்தா துரத்திவிட்டாள். பெரிய கோயிலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், நான் தண்ணீர் ஓடும் காவிரியைப் பார்க்கிறேன் என்று திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் ஏறினேன். பஸ் கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் காவிரி கடலில் கலப்பதற்குள் பிடித்துவிடத் துடிப்பது போல் இருந்தது. பாதி வழியில் ரயில்வே கேட்டில் நின்றது. கேட்டைத் திறந்த பிறகும் வண்டி கிளம்பவில்லை. டிரைவர் இறங்கிப் போய் முன்னால் எதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் மஞ்சள் புடவையில் ஓர் அம்மாள், புதிதாக மழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. என் கையிலிருந்த கடலை மிட்டாயில் பாதியைக் கொடுத்தேன். "என்ன வேண்டுதல்ங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"டைபாய்டு வந்துச்சுங்க. காய்ச்சல் போயிடுச்சு, அப்புறம் முடி போக ஆரம்பிச்சுது. தலையை வாருனா சீப்பு நிறைய. எப்படியும் போறதுதானே, குப்பைக்குப் போறதுக்கு சாமிக்குப் போகட்டுமேன்னு வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "சாமிகிட்டயும் ஏமாத்துதான்!"

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நோய் தீர மொட்டை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். முடி கொட்டியதால் மொட்டை என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. எட்டும் இரண்டும் பத்து.

காவிரியை நான் சரியாகப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் நின்றபடி வசந்தாவுக்குப் போன் போட்டேன். "விதியை மீறப்போறேன். தேன்மொழின்னு ஒரு பொண்ணு, குடவாசல். அவ எங்கே?"

"அந்தப் பொண்ணை நான் அனுப்பிச்சுட்டேன் மீனா" என்றாள் வசந்தா. "அன்னைக்கு ஓ.பி.யில நிக்க இடமில்லை. பட்டியலைப் பார்த்தேன், சேரலை. ஆறு மாசம் கழிச்சு வாம்மான்னு எழுதிக் குடுத்தேன். வரலை."

வகைப்படுத்தும் பட்டியல்கள் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கத்தான், யாருக்கு மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய அல்ல. இதை நாங்கள் இருவரும் மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறோம். கூட்டமான ஒரு காலையில் நாங்களே மறந்துபோகிறோம். இப்போது என்னைப் பிடித்து ஆட்டிய பயம் ஒன்றுதான். கவனிக்காமல் விட்ட மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணின் சிறுநீரகம் என்ன ஆகியிருக்கும்?

ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் யாரோ ஒருவர், "கறிக்கடைங்க. புரட்டாசி, கடை லீவு" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபைலில் இருந்த விலாசத்தை நம்பி வசந்தாவின் காரில் கிளம்பினோம்.

கும்பகோணம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நடவு. எங்கள் ஊரில் பச்சை என்றால் எண்ணெய்ப்பனை, கறுத்த பச்சை. இது வேறு, நட்டு நாலு நாளான இளம்பச்சை. ரசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் மினிபஸ் வந்தது. வசந்தா ஒதுங்கினாள். ஒதுங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடது பக்கச் சக்கரம் வாய்க்கால் சரிவில் இறங்கி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மினிபஸ் போயே போய்விட்டது.

வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கரையேறி வந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயில் பட்டால் தோல் தடிக்கிறதா என்று முதல் பட்டியலில் ஒரு கேள்வி உண்டு. இவர்களைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், வெயிலைப் படவிட்டால்தானே! "எல்லாரும் ஒரு கை போடுங்கடி" என்றாள் ஒருத்தி. நானும் தள்ளினேன். கார் மேலே ஏறியது. முழங்கால் வரை எனக்குச் சேறு.

"யார் வீட்டுக்குங்க வந்தீங்க?"

"தேன்மொழின்னு ஒரு பொண்ணு…"

நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரப் பெண் சட்டென்று முன்னால் வந்தார். "எம் பொண்ணுதாங்க." வசந்தாவை உற்றுப் பார்த்தார். உடனே முகமெல்லாம் சிரிப்பு. "தஞ்சாவூரு டாக்டரம்மா! நோயே இல்லைன்னு சொன்ன மகராசியாச்சே. வாங்க, வாங்க!"

வசந்தா என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் பெயர் அமுதா. வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கடைக்குக் கலர் வாங்க யாரையோ அனுப்பப் போனவரைத் தடுத்துத் தண்ணீர் கேட்டேன். கனமான, அழகான ஒரு எவர்சில்வர் சொம்பில் கொடுத்தார். இங்கே அண்ணாந்து குடிக்க வேண்டும், உதட்டில் வைத்துக் குடித்துப் பழகிய எனக்குப் பாதித் தண்ணீர் சட்டைக்குள் போயிற்று. அமுதா சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பிறகு பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டோடும் பட்டாவோடும் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். லேமினேஷன் செய்திருந்தது. வசந்தாவின் கையெழுத்து.

'தற்போது லூபஸ் வரையறைக்குள் வரவில்லை. ஆறு மாதம் கழித்து வரவும்.'

"மாப்பிள்ளை வீட்டுக்குக்கூட இதைக் காட்டிட்டோம்ங்க. தையில கல்யாணம்" என்றார் அமுதா.

"ஆறு மாசம் கழிச்சு வரச்சொல்லி எழுதியிருக்கேனேம்மா."

"எல்லா டாக்டரும் கடைசியில வரச்சொல்றதுதானேங்க."

வசந்தா அந்தப் பளபளப்பான காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் உடற்கூறியல் பரீட்சையில் தோற்றபோதுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உள்ளறையிலிருந்து தேன்மொழி வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. குடவாசலில் ஜவுளிக்கடை வேலை, நிற்க முடியாததால் ஒரு வாரமாகப் போகவில்லையாம். தலையில் துப்பட்டா. நான் கேட்டதும் தயங்கித் தயங்கி எடுத்தாள். தோள் வரை வளர்ந்த முடி, முன்னால் மட்டும் மண்டை தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

"மொட்டை போட்டீங்களே, அதுக்கு முன்னாடி முடி கொட்டுச்சாம்மா? எவ்வளவு?" என்றேன்.

தேன்மொழி அம்மாவைப் பார்த்தாள். அமுதா என் கையைப் பார்த்தார். "நீங்க வச்சிருக்கீங்களே, அந்தச் சொம்பு அளவுக்குங்க."

எனக்குப் புரியவில்லை.

"முடி வாங்குறவரு சைக்கிள்ல வருவாருங்க. உதிர்ந்த முடியைச் சேத்து வச்சுக் குடுத்தா பாத்திரம் குடுப்பாரு. ஊர்ல வருஷம் முழுக்கச் சேத்தாலும் ஒரு சின்னக் கிண்ணம்தான் வரும். இவளுக்கு மூணே மாசத்துல சொம்பு வந்துடுச்சு. வாங்கி வச்சுட்டு அன்னைக்கு அழுதேங்க. அப்புறம்தான் மிச்சத்தை சாமிக்குக் குடுத்துட்டோம்."

சொம்பைக் கீழே வைக்கத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"சாயங்காலமானா கொலுசு இறுக்குதுங்க டாக்டர்" என்றாள் தேன்மொழி மெதுவாக. "அதனால கழட்டிட்டேன்." கணுக்காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது.

வசந்தா கைப்பையில் சிறுநீர் பார்க்கும் பட்டைகள் வைத்திருந்தாள். கொல்லைப்புறத்தில், வேப்ப மரத்தடியில் நின்று நாங்கள் இருவரும் ஒரு துண்டு காகிதப் பட்டையையே பார்த்தோம். மஞ்சளாக இருந்தால் நல்லது. புரதம் இருந்தால் பச்சை. மெல்ல மெல்ல அது பச்சையாயிற்று, வழியெல்லாம் நான் ரசித்துக்கொண்டு வந்த அதே இளம்பச்சை.

உள்ளே வந்து வசந்தாதான் பேசினாள், அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "பட்டியல்ல உங்க பொண்ணு இல்லைன்னுதான் அன்னைக்கு எழுதினேன். நோய் இல்லைன்னு எழுதலை. ஆனா நீங்க அப்படித்தான் படிப்பீங்கன்னு நான் யோசிச்சிருக்கணும். தப்பு என்னோடது. பொண்ணை இப்பவே என்னோட அனுப்புங்க. சிறுநீரகத்துல இறங்கியிருக்கு. முத்திடலைன்னு நம்புறேன்."

அமுதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "கல்யாணம்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மாற்றுப் புடவைகளைப் பையில் அடைக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை முழுக்கப் பரிசோதனைகள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ரத்தத்தில் கழிவு இன்னும் ஏறவில்லை என்று தெரிந்ததும் வசந்தா மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறுநீரகம் சண்டையில் அடி வாங்கியிருக்கிறது, விழுந்துவிடவில்லை. மருந்தால் பிடித்துவிடலாம்.

அன்று மாலை தேன்மொழி, கட்டிலில் இருந்தபடியே மாப்பிள்ளைக்கு வீடியோவில் பேசினாள். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. தானே சொல்கிறேன் என்றவள், எங்கள் இருவரையும் பக்கத்திலேயே இருக்கச் சொன்னாள். நோயின் பெயர், மாத்திரைகளை நிறுத்தவே கூடாது என்பது, பிள்ளை பெறுவதை டாக்டரைக் கேட்டுத்தான் யோசிக்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தாள். அந்தப் பக்கம் ஹெல்மெட் போட்ட ஒரு முகம் அசையாமல் இருந்தது. நெட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்த மாத்திரை சிங்கப்பூர்ல கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளு" என்றது முகம்.

கிடைக்கும் என்று நானும் வசந்தாவும் ஒரே குரலில் கத்தினோம். அமுதா வெளியே போய்விட்டார்.

கடைசி நாள் எங்கள் தாள்களை ஒப்பிட்டோம். பெரும்பாலான ஃபைல்களில் புதிய பட்டியல்தான் முந்திக்கொண்டது. தேன்மொழியின் ஃபைலில் முடிக்கு நான் பூஜ்யம், வசந்தாவும் பூஜ்யம். இரண்டு பேர் இப்படி ஒத்துப்போனால் ஆராய்ச்சியில் அதற்கு மிக நல்ல பெயர். நாங்கள் ஒற்றுமையாகத் தவறியிருந்தோம்.

"ரெண்டுன்னு மாத்திடட்டுமாடி?" என்றாள் வசந்தா.

"கூடாது. முடி கொட்டினதை அன்னைக்கு டாக்டர் கண்ணால பார்த்திருக்கணும். விதி அப்படி."

"சொம்பைப் பார்த்தியே."

"சொம்புக்கு மார்க்கு இல்லை."

பூஜ்யத்தை மாற்றவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'சொம்பு' என்று எழுதினேன். வசந்தா அன்றே தன் மருத்துவமனைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'மொட்டை என்றால், அதற்கு முன் முடி எப்படி இருந்தது?' ஈப்போவில் என் படிவத்திலும் இப்போது அந்த வரி இருக்கிறது. முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு வருகிறவர்களை இத்தனை வருஷம் கேட்காமல் அனுப்பியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது அமுதா அந்தச் சொம்பை என் கையில் திணித்தார், உள்ளே அதிரசம் வைத்து. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "இதைப் பார்த்தா எனக்கு அந்த மூணு மாசம்தான் ஞாபகம் வருதுங்க. நீங்க கொண்டு போயிடுங்க" என்றார். கொண்டுவந்துவிட்டேன். தினமும் அதில் அண்ணாந்து குடித்துப் பழகுகிறேன், இன்னும் சட்டைக்குள்தான் போகிறது.

தையில் நடக்க இருந்த கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. சிறுநீரில் புரதம் குறைந்துவருகிறது என்று வசந்தா மாதா மாதம் அறிக்கை அனுப்பினாள். கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. புகைப்படம் வந்தது. தேன்மொழி திரும்பி நிற்கிறாள், காலில் கொலுசு, இடுப்பு வரை நீண்ட பின்னல் முழுக்க மல்லிகை. இத்தனை முடி எப்படி என்று கேட்டு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரலே வந்தது, பின்னால் மேளச் சத்தத்தோடு.

"சவுரி முடி டாக்டர், கும்பகோணத்துல வாங்குனது. யாரு தலையில கொட்டுச்சோ தெரியலை. எனக்கென்னவோ அந்தச் சொம்புக்குப் போனதுதான் திரும்பி வந்துருக்குன்னு தோணுது."